கட்டையில் விழுந்த ஓட்டை

எழுதுவது மக்டலீன், சொல்வது மாட்லின். கேம்பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் டாக்சிக்காரரிடம் எழுத்துக்கூட்டிப் படித்த பெயரைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் சரியான பெயரைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கேம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் மாட்லின் கல்லூரி வாசல். முதல் முற்றத்தைக் கடந்து இரண்டாவது முற்றத்துக்குள் போனால், எதிரே வளைவு வளைவாகத் தாழ்வாரம் வைத்த ஒரு கல் கட்டடம். வளைவுகளுக்கு மேலே லத்தீனில் ஒரு பெயரும் 1724 என்ற ஆண்டும் பொறித்திருக்கிறது. சாமுவேல் பீப்ஸின் நூலகம். இவர் பெயரையும் எழுத்துப்படி உச்சரித்தால் பெப்பிஸ் என்றுதான் வரும். எழுத்தை நம்பி வாயைத் திறக்கக் கூடாத ஊர் என்று அதற்குள் புரிந்துவிட்டது.

பீப்ஸ் (1633-1703) இங்கிலாந்துக் கடற்படை நிர்வாகத்தில் பெரிய பதவிகளில் இருந்தவர். 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பால்தான் இன்று அவரைத் தெரியும். கொள்ளைநோயும் லண்டன் பெருந்தீயும் அதில் வருகின்றன. இங்கே படியேறுகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நானும் ஒரு நிமிடம் குனிந்து பார்த்தேன். கோடும் சுழியுமாக, பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. நகர்ந்துவிட்டேன். நான் வந்தது அவர் சேர்த்துவைத்த தெருப்பாட்டுகளுக்காக.

பிராட்சைடு பாலட் என்று அவற்றுக்குப் பெயர். ஒற்றைத் தாள், அதிலும் ஒரு பக்கம் மட்டும் அச்சு. மேலே நீளமான தலைப்பு. அதன் கீழே இன்ன மெட்டில் பாட வேண்டும் என்று ஒரு வரி. பிறகு மரக்கட்டையில் செதுக்கி அடித்த படம் ஒன்றோ இரண்டோ, அதற்கும் கீழே பத்தி பத்தியாகப் பாட்டு. ராகக் குறிப்பெல்லாம் பெரும்பாலும் கிடையாது. ஊருக்கே தெரிந்த மெட்டாகப் பார்த்துத்தான் போடுவார்கள். விலை ஒரு பென்னி, சில சமயம் அரைப் பென்னி. தெருமுனையில் நின்று பாடிக்கொண்டே விற்பார்கள். கொலை, தூக்கு, கடற்போர், காதல், குடி, விகாரமாகப் பிறந்த குழந்தை, எல்லாமே சரக்கு. ஷேக்ஸ்பியரின் 'குளிர்காலக் கதை' நாடகத்தில் ஆட்டோலைக்கஸ் என்றொரு ஜேப்படித் திருடன் கிராமத்து விழாவில் இதே தாள்களை விற்பான். அச்சில் வந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பும் ஒரு பெண்ணும் அந்தக் காட்சியில் வருவாள். நம் குஜிலிக் கடைக் கொலைச்சிந்துகளைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

வாங்கியவர்கள் மதுக்கடைச் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் ஒட்டினார்கள். சலித்துப்போன தாள் பலகாரத்துக்கு அடியில் விரிக்கப் போனது, பொட்டலமாக மடிந்தது, அதைவிடத் தாழ்ந்த காரியத்துக்கும் போனது. நூற்றுக்கணக்கில் அச்சாகி ஒரு பிரதிகூட மிஞ்சாத பாட்டுகள் ஏராளம். அப்படிப்பட்ட தாள்களில் 1,800க்கு மேல் இந்த அறையில் ஐந்து ஆல்பங்களாக உட்கார்ந்திருக்கின்றன.

அறை நான் நினைத்ததைவிடச் சிறியது. சுவரோரமாகக் கண்ணாடிக் கதவு போட்ட ஓக் மர அலமாரிகள், மொத்தம் 12. முதல் சிலவற்றைக் கப்பல்துறைத் தச்சர் சிம்ப்சன் 1666 கோடையில் செய்து கொடுத்தார். லண்டன் எரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால். மற்றவை புத்தகம் சேரச் சேர அதே அச்சில் வந்தவை. 3,000 புத்தகங்களோடு நிறுத்திக்கொள்வதென்று பீப்ஸ் கணக்கு வைத்திருந்தார். பொருள்வாரியாக அடுக்கவில்லை, உயரவாரியாக அடுக்கினார். எண் 1 மிகச் சின்னது, எண் 3,000 மிகப் பெரியது. ஒரே தட்டில் ஓரிரு புத்தகம் குட்டையாகப் போனால் அதன் அடியில் மரத்துண்டு வைத்து உயரத்தைச் சமன் செய்திருக்கிறார். அந்த மரத்துண்டும் புத்தக முதுகு போலவே தெரியும்படி தோல் போர்த்தியது. பள்ளிக்கூடப் புகைப்படத்தில் குள்ளமான பையனைச் செங்கல் மேல் ஏற்றி நிறுத்துவார்களே, அதுதான்.

உயிலும் அதே குணம். எல்லாம் முதலில் தங்கை மகன் ஜான் ஜாக்சனுக்கு. அவர் காலத்துக்குப் பிறகு புத்தகங்கள் மாட்லினுக்கு வர வேண்டும். ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது, ஒன்றைக்கூடச் சேர்க்கக் கூடாது. மீறினால் மொத்தமும் அதே ஊரில் இருக்கும் டிரினிட்டி கல்லூரிக்குப் போய்விடும், டிரினிட்டிக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை வந்து சரிபார்க்கலாம். வாட்ச்மேன் வைப்பதைவிடப் பங்காளியை வைப்பது மேல் என்று தெரிந்த மனிதர். 300 ஆண்டுகளாக ஒரு புத்தகமும் நகரவில்லை.

இவ்வளவு ஒழுங்கு பார்த்தவர் அந்தப் பாட்டுத் தாள்களை என்ன செய்தார் என்பதுதான் வேடிக்கை. வெட்டினார். தொகுப்பைத் தொடங்கியது அவரல்ல, ஜான் செல்டன் (1584-1654) என்ற சட்ட அறிஞர். பீப்ஸ் அதை வாங்கிப் பெருக்கி, பக்தி, வரலாறு, துயரம், காதல், கடல், குடி என்று தலைப்புவாரியாகப் பிரித்தார். தாள் அகலவாட்டில் இரண்டு பாகமாக அச்சாகியிருந்தால் நடுவில் வெட்டி, ஓரத்தை நறுக்கி, ஆல்பத்தில் ஒட்டினார். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய பாட்டுகளை இரட்டைப் பக்க எண்ணால் குறிக்கிறார்கள்: முதல் தொகுதி 124-125 என்றால் ஒரே தாளின் இரண்டு பாதி.

அந்த 124-125தான் நான் தேடி வந்தது. கண்ணாடிப் பெட்டியில் திறந்திருந்தது வேறு பக்கம். மேசையில் இருந்த பெண்மணியிடம் கேட்டேன். "மூலத்தை இப்போது திறக்க முடியாது, நகல் பதிப்பைத் தரட்டுமா?" என்றார். தரச் சொன்னேன்.

ஆன் வாலன் என்ற பெண்ணின் புலம்பல் அது. கணவர் ஜான் வாலன், லண்டன் ஸ்மித்ஃபீல்டு அருகே கௌ லேனில் கடைசல் வேலை செய்தவர். 1616 ஜூன் 22, சனிக்கிழமை, சண்டை முற்றி மனைவி உளியால் குத்திவிட்டாள். ஜூலை 1 அன்று அவளை ஸ்மித்ஃபீல்டில் எரித்தார்கள். தூக்கிலிடவில்லை, எரித்தார்கள். 1351ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி கணவனைக் கொன்றால் அது வெறும் கொலையில்லை, சிறிய அளவில் ராஜத்துரோகம். கணவன் மனைவியைக் கொன்றால் சாதாரணக் கொலை, சாதாரணத் தூக்கு. பெண்களை எரிக்கும் தண்டனை 1790இல்தான் ஒழிந்தது. பாட்டு முழுக்க அவளே சொல்வதுபோல இருக்கிறது. தான் எரியப்போவதையும் அவளே பாடுகிறாள். எழுதியவன் யாரோ. 'ஃபார்ச்சூன் மை ஃபோ' என்ற மெட்டில் பாடச் சொல்கிறது தாள். தூக்கு மெட்டு என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது, அந்த அளவுக்குச் சாவுப் பாட்டுகளை அதில் ஏற்றியிருக்கிறார்கள். முதல் வரியை முனகினாலே கூட்டத்துக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

முன்பக்கம் புரட்டினால் 118இலிருந்து வரிசையாக நான்கு பாட்டு, நான்கும் கணவனைக் கொன்ற பெண்களைப் பற்றி. பீப்ஸ் அவற்றைத் தேடிப்பிடித்து அடுத்தடுத்து ஒட்டியிருக்கிறார். நான்கையும் ஒரே மூச்சில் படித்தபோது, நல்ல வெளிச்சமான அந்த அறையில் கொஞ்சம் மூச்சு முட்டியது. மேசைப் பெண்மணி ஜன்னலைத் திறந்தார். கேட்காமலே திறந்தார், என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்திருப்பார்.

ஆல்பத்தைப் புரட்டப் புரட்ட, முகங்கள் திரும்ப வந்தன. கழுத்தைச் சுற்றிக் கொசுவிய பட்டையும் கையில் இறகு விசிறியுமாக ஒரு சீமாட்டி. ஒரு பாட்டில் கைவிடப்பட்ட காதலி, இன்னொன்றில் அகங்காரக்காரி, வேறொன்றில் அரசி. தொப்பியும் குட்டை அங்கியுமாக வலக்கையை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர். மாப்பிள்ளையும் அவரே, ஏமாற்றுக்காரனும் அவரே. கட்டை ஒன்று, கதை பல. அச்சடித்தவர்களின் சோம்பேறித்தனம், ஏழைச் சனத்துக்கு இது போதும் என்ற அலட்சியம் என்று இதைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை.

காரணம் வீட்டு விவகாரம். அப்பா கும்பகோணத்தில் டிரெடில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடைத் திறப்பு, கருமாதி. சுவரோர அலமாரியில் சின்னச் சின்ன இழுப்பறைகளில் பிளாக்குகள்: பிள்ளையார், வாழைமரம், கைகூப்பிய பெண், பூரண கும்பம். ஒரே ஒரு குத்துவிளக்கு மட்டும் துத்தநாகம் இல்லை, தாத்தா காலத்து மரக்கட்டை. அந்தக் கைகூப்பிய பெண் எங்கள் தெருவில் பத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வரவேற்றிருக்கிறாள். என் பெண் இப்படி இல்லையே என்று ஒருவரும் அப்பாவிடம் கேட்டதில்லை. அவள் யாரும் இல்லை என்பது அச்சடித்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். விசிறிச் சீமாட்டியும் அப்படித்தான் வேலை செய்திருக்க வேண்டும். தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கு ஊருக்கொரு முகமா தேடுகிறோம்?

கிளம்பும் முன் பீப்ஸ் எழுதிவைத்த தலைப்புப் பக்கத்தையும் பார்த்தேன். தொகுப்பை 1700 வரை கொண்டுவந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, தடித்த கறுப்பு எழுத்தும் படமும் வைத்து அடிக்கும் பழைய முறை அதோடு கைவிடப்பட்டதுபோல் இருக்கிறது, செலவைக் குறைக்கப் படமில்லாத மெல்லிய எழுத்துக்குப் போய்விட்டார்கள் என்று குறித்திருக்கிறார். ஒரு தொழில் கண்ணெதிரே சாவதைப் பார்த்துக்கொண்டே சேர்த்திருக்கிறார் மனிதர். ஆஃப்செட் வந்த வருஷம் அப்பா சொன்னதும் ஏறக்குறைய இதே வாக்கியம், இன்னும் கொஞ்சம் கெட்ட வார்த்தையோடு.

மறுநாள் ஆக்ஸ்ஃபோர்டு. பாட்லியன் நூலகத்தின் அபூர்வ நூல்கள் இருப்பது பிராட் தெருவில் உள்ள வெஸ்டன் கட்டடத்தில். வாசகர் அட்டை வாங்கும்போது ஓர் உறுதிமொழியை வாய்விட்டுப் படிக்க வேண்டும்: புத்தகத்தில் கிறுக்க மாட்டேன், உள்ளே நெருப்பு கொண்டுவர மாட்டேன், மூட்டவும் மாட்டேன். தாய்மொழியில் சொல்லவும் வழி உண்டு என்றார்கள். அவசரத்தில் ஆங்கிலத்திலேயே சொல்லித் தொலைத்துவிட்டேன். நெருப்பு மூட்ட மாட்டேன் என்று தமிழில் சத்தமாகச் சொல்லக் கிடைத்த வாய்ப்பு போயிற்று.

பை, கோட்டு, தண்ணீர் பாட்டில், பேனா எல்லாம் லாக்கரில். பென்சிலும் தாளும் மட்டும் உள்ளே. கையுறை கேட்டேன். வேண்டாம், கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள், உறை போட்டால் விரலுக்குத் தாளின் கனம் தெரியாமல் கிழித்துவிடுவீர்கள் என்றார் நூலகர். பிறகு நியாயமான கேள்வியைக் கேட்டார்.

"நீங்கள் கேட்டிருக்கும் பாட்டுகள் எல்லாம் நல்ல தெளிவான படமாகத் திரையில் இருக்கின்றனவே?"

"இருக்கின்றன. கட்டை தாளில் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பது அதில் தெரியவில்லை."

அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். ஒரு ஆல்பத்துக்கு அனுமதி கிடைத்தது.

அது பிரான்சிஸ் டவுஸ் (1757-1834) சேர்த்தது. டவுஸைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் கையெழுத்துப் பிரதிகளுக்குப் பொறுப்பாளராக இருந்து 1811இல் ராஜினாமா செய்தவர். ராஜினாமாவுக்கான காரணங்களை வரிசை போட்டு எழுதிவைத்தார். குளிர்காலத்தில் அந்தக் கட்டடத்தின் குளிரும் ஓயாமல் அறிக்கை கேட்கும் தொல்லையும் அதில் உண்டு. 1830இல் பாட்லியனுக்கு வந்தபோது இங்கே மரியாதையாக நடத்தினார்கள். சேர்த்ததில் பெரும்பகுதி இங்கே வந்துவிட்டது. படம் போட்ட பழைய நூல்கள், அச்சுப் படங்கள், சிறு பிரசுரங்கள், நான்கு தொகுதிப் பாட்டுத் தாள்கள். மரண நடனம் என்ற ஓவிய மரபைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருந்திருக்கிறது. இறந்த பிறகு தலையை வெட்ட வேண்டும், அல்லது இதயத்தை எடுத்துவிட வேண்டும், திரும்ப உயிர் வரவே கூடாது என்று எழுதி, அந்த வேலைக்காக ஒரு பெரிய அறுவை மருத்துவருக்கு 200 பவுண்டு ஒதுக்கியிருந்தார்.

ஆல்பம் வந்தது. ஸ்பாஞ்சுத் திண்டுகளை வி வடிவில் வைத்து அதன் மேல் படுக்கவைத்தார்கள். பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க, துணிக்குள் எடைக் குண்டு தைத்த பாம்புக் கயிறு. திறந்ததும் முதல் ஏமாற்றம்: தாள்கள் முழுக்க ஒட்டியிருந்தன. அழுத்தத்தைத் தாளின் முதுகில்தான் நன்றாகப் பார்க்க முடியும், அச்சகத்தில் வளர்ந்தவர்கள் தாளைத் திருப்பிப் பார்ப்பது அதற்குத்தான். முதுகு பசைக்குள் போய்விட்டது. வேறு வழியில்லாமல் தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பார்த்தேன்.

அப்போது தெரிந்தது. எழுத்துகள் மேலோட்டமாக இருக்க, படத்தின் கோடுகள் தாளில் குழி பறித்திருந்தன. மரக்கட்டையும் உலோக எழுத்தும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே இழுப்பில் அடித்தவை. இரண்டிலும் மேடான பகுதிதான் மை வாங்கும். செப்புத்தகட்டுப் படம் என்றால் மை பள்ளத்தில் தங்கும், அதற்கு வேறு வகை உருளை அச்சு வேண்டும், ஒரே தாளை இரண்டு தடவை ஓட்ட வேண்டும். பென்னித் தாளுக்குக் கட்டுப்படியாகாது. இங்கே கட்டை எழுத்தைவிட ஒரு நூல் உயரமாக இருந்திருக்கிறது. அடியில் வைத்த தாளைக் குறைத்திருக்க வேண்டும், ஆள் குறைக்கவில்லை. அப்பா பார்த்திருந்தால் அன்றைக்குக் கூலியில் பிடித்திருப்பார்.

படத்தில் நமது பழைய நண்பர், கையை நீட்டிக்கொண்டு. தொப்பியில் ஒரு வெள்ளைப் புள்ளி. மை பட வேண்டிய இடத்தில், குண்டூசித் தலை அளவில், சுத்தமான வட்டம். முழங்காலுக்கு அருகில் இன்னொன்று. சுற்றுக்கோட்டில் கீழ் மூலை உடைந்து போயிருக்கிறது. சில பக்கங்கள் தள்ளி வேறொரு பாட்டில் அவரே மறுபடி. அதே உடைந்த மூலை. தொப்பியில் மூன்று புள்ளி, காலில் இரண்டு, மார்புக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. கட்டை விரிசல் விட்டிருக்கிறது. இரண்டு தாளிலும் ஆண்டு போடவில்லை. ஆனாலும் எது முந்தியது, எது பிந்தியது என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். ஓட்டை கூடும், குறையாது.

புள்ளிகள் மரத்தை அரிக்கும் வண்டின் வேலை. குஞ்சு மரத்துக்குள் இருந்துகொண்டே ஆண்டுக்கணக்கில் தின்னும். வண்டாக மாறியதும் நேரே துளைத்து வெளியே வந்துவிடும். அந்த வாசல்தான் வட்டம். பிளேர் ஹெட்ஜஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் பழைய மரக்கட்டை அச்சுகளில் இந்த வெள்ளை வட்டங்களை உட்கார்ந்து அளந்தார். வட ஐரோப்பாவில் அச்சான படங்களில் ஓட்டை ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர், முழு வட்டம். தென் ஐரோப்பாவில் ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர். இரண்டு வேறு வண்டுகள். நூற்றாண்டுக்கணக்கில் ஒன்றின் எல்லைக்குள் மற்றது வராமல் கண்டத்தைப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தன. பூச்சியின் பழைய வரைபடத்தை அவர் புத்தகப் படங்களிலிருந்து எடுத்துவிட்டார். நானும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அடிக்கோலை, தாளில் படாமல், மேலே பிடித்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ. லண்டன் வண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து கேட்டிருந்தது ஏழைகளின் பண்டம் அல்ல. 1493இல் நியூரம்பர்கில் ஆன்டன் கோபர்கர் அச்சிட்ட உலக வரலாறு, ஹார்ட்மன் ஷெடல் எழுதியது. நியூரம்பர்க் குரோனிக்கிள் என்பார்கள். தூக்கிவந்தவர் இரண்டு கையாலும் தூக்கி வந்தார். சிருஷ்டியிலிருந்து தொடங்கி அவர்கள் காலம் வரை, பக்கத்துக்குப் பக்கம் படம். படங்களைச் செய்தது மிகாயேல் வோல்கெமுட்டின் பட்டறை; ஓவியர் ட்யூரர் இளவயதில் தொழில் பழகிய இடம் அது. படங்கள் மொத்தம் 1,809. கட்டைகள் 645.

கணக்கு புரிகிறதா? அந்தக் காலத்தின் மிக ஆடம்பரமான படப் புத்தகத்திலும் கட்டை ஒன்று, கதை மூன்று. டமாஸ்கஸ் என்று போட்டிருக்கும் மதில் சூழ்ந்த நகரம் பிறகு ஃபெராராவாக வருகிறது, மிலானாக வருகிறது, மான்டுவாவாகவும் வருகிறது. கலை வரலாற்றாசிரியர் கோம்பிரிச் இதை எடுத்துக்காட்டிப் புகழ்பெற வைத்தார். நான் விரல் வைக்காமல், பக்கத்துக்கு மேலே பென்சிலை மட்டும் நகர்த்தி, கோபுரங்களை எண்ணி ஒப்பிட்டேன். அதே கோபுரங்கள்தான். வாங்கியவர்கள் பெரிய வணிகர்கள், மடாதிபதிகள். அவர்களில் மிலானுக்குப் போய்வந்தவர் நிச்சயம் இருந்திருப்பார். நியூரம்பர்க் நகரத்தை மட்டும் இரண்டு பக்கத்துக்கு விரித்து, சொந்த ஊர் அல்லவா, ஒவ்வொரு கோபுரத்தையும் அடையாளம் தெரியும்படி செதுக்கியிருக்கிறார்கள். முடியாமல் இல்லை. மற்ற இடங்களில் அது நகரம் என்று தெரிந்தால் போதும். சோம்பேறித்தனக் கட்சிக்காரர்கள் கோபர்கரை என்ன சொல்வார்கள் என்று கேட்க ஆசை.

டவுஸ் ஆராய்ந்த மரண நடனத்தையும் விடவில்லை. ஹோல்பைன் வரைந்து 1538இல் லியோனில் வெளிவந்த நூல் அது. அதன் பதிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். சட்டைப் பையில் போகும் அளவு. படம் ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. செதுக்கிய ஹான்ஸ் லுட்சல்பர்கர் புத்தகம் வருவதற்குப் 12 ஆண்டு முன்பே இறந்துவிட்டார். முதல் பதிப்பில் 41 படங்கள்: போப்பிடம் ஒரு விதமாக, உழவனிடம் ஒரு விதமாக, குழந்தையிடம் இன்னொரு விதமாக வந்து கையைப் பிடிக்கிறது எலும்புக்கூடு. இதில் மட்டும் ஒரு கட்டையும் இரண்டாம் முறை வரவில்லை.

மதியத்துக்கு மேல் கண் எரிந்தது. 19ஆம் நூற்றாண்டுத் தாள்களை வேகமாகவே பார்த்தேன். லண்டன் செவன் டயல்ஸில் ஜேம்ஸ் கேட்னாக் என்ற அச்சக முதலாளி அடித்துத் தள்ளியவை அதில் நிறைய. மரியா மார்ட்டனைக் கொன்ற வில்லியம் கார்டரின் வாக்குமூலம் 1828இல் 10 லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். விற்றவர்கள் சொன்ன கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். இந்த வகைத் தாள்கள் பெருமளவு இங்கே வந்தது சிகாகோவில் பியானோ வாசித்துப் பிழைத்த வால்டர் ஹார்டிங் என்ற லண்டன்காரரின் தொகுப்பிலிருந்து. அவர் 1973இல் இறந்தபோது வீடு முழுக்கப் பாட்டு.

கடைசி அரை மணி நேரம் கணினி முன்னால் போனது. பாட்லியன் தன்னிடமுள்ள ஏறக்குறைய 30,000 பாட்டுத் தாள்களையும் படமெடுத்து வைத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் பொறியியல் துறை ஆட்கள் அதற்கு ஒரு கருவி செய்து கொடுத்திருக்கிறார்கள்: படத்தில் ஒரு பகுதியைச் சுற்றிக் கட்டம் போட்டால், அதே கட்டை வேறெங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடிக் கொடுக்கும். தொப்பிக்காரரைச் சுற்றிக் கட்டம் போட்டேன். வரிசையாக வந்து நின்றார். கல்யாணத்தில், சிறையில், மதுக்கடை வாசலில், எல்லா இடத்திலும் அதே கை. ஒருவர் மட்டும் இடக்கையை நீட்டினார். உற்றுப் பார்த்தால் அது வேறு கட்டை. பழைய அச்சுத் தாளையே புதுப் பலகையில் ஒட்டி அப்படியே செதுக்கினால், அடிக்கும்போது இடம் வலமாகிவிடும். தொப்பியில் ஓட்டையும் இல்லை. போலிக்குப் பூச்சி இன்னும் பிடிக்கவில்லை.

மாலை பிராட் தெருவில், எதிரே ஷெல்டோனியன் அரங்கின் வேலித் தூண்களில் இருக்கும் கல் தலைகளைப் பார்த்துக்கொண்டே, அப்பாவுக்கு போன் செய்தேன். ஊரில் மணி பத்து தாண்டியிருக்கும். தூங்கவில்லை. கட்டை, குழி, விரிசல், வண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தக் கட்டைய பார்த்தியாம்மா?"

"இல்லப்பா. தாள்தான் இருக்கு. கட்டை எதையும் பார்க்கல."

"தாள வெச்சுக்கிட்டுக் கட்டைய விட்டுட்டானுங்களா." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஓட்டைய ஏன் அப்படியே விட்டான்? மெழுகுல ரம்பத்தூளைக் குழைச்சு அடைச்சு, மேல தேச்சு விட்டிருந்தா தெரிஞ்சே இருக்காது."

"ஒரு பென்னித் தாளுக்கு யாருப்பா இவ்வளவு மெனக்கெடுவாங்க?"

"நம்ம குத்துவிளக்குல ஏழு ஓட்டை," என்றார். "ஒண்ணாவது உன் கண்ணுல பட்டுச்சா?"